கேம்பர்வேன் கூரை ஒழுகுதா? சீலன்ட் ட்யூபைக் கையில் எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பிரிட்டனில் பழைய ஃபோக்ஸ்வாகன் டி5 வேன் ஒன்றை வாங்கினோம். சரக்கு வண்டியாகப் பிறந்தது. பிறகு யாரோ கூரையை வெட்டியெடுத்துவிட்டு, தூக்கி நிறுத்தும் ஃபைபர் கூரை (தூக்கினால் சுற்றிலும் துணிச் சுவர் விரியும்) போட்டு, உள்ளே படுக்கை வைத்து கேம்பர்வேன் ஆக்கியிருந்தார்கள். வாங்கிய இரண்டாவது மாதம் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் பாரோடேல் பள்ளத்தாக்கில் போய்த் தங்கினோம். இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் ஊர்களில் அதிக மழை வாங்கும் சீத்வெயிட் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. நல்ல இடமாகப் பார்த்துத்தான் போயிருக்கிறோம். நடுராத்திரி மேல் படுக்கையிலிருந்து மகள் குரல்: "அப்பா, என் சாக்ஸ் ஈரமா இருக்கு."

அதற்கப்புறம் எட்டு மாதம், இடுக்கை அடைக்கும் சிலிக்கான் சீலன்ட் மூன்று ட்யூப், பட்டறை ஒன்றில் 180 பவுண்டு. கடைசியில் கண்டுபிடித்த ஓட்டை பேனா ரீஃபில் நுனி அளவு. அதை அடைக்க ஆன செலவு 20 பவுண்டுக்குள். நடுவில் போன காசும் மன உளைச்சலும் உங்களுக்கு வேண்டாம் என்பதால் நான் கடைசியாகச் செய்ததை முதலில் செய்யும்படி வரிசைப்படுத்தி எழுதுகிறேன். என் வண்டியில் கூரையின் முன்பக்கம் உயரும், பின்பக்கம் கீல். வேறு மாதிரி கூரை என்றாலும் முறை இதுதான்.

1. ஒழுகலா, வியர்வையா?

பாதிப் பேர் இங்கேயே ஏமாறுகிறார்கள். மூடிய வண்டியில் இரண்டு பேர் விடியும்வரை தூங்கினால், மூச்சிலும் வியர்வையிலும் மட்டும் ஒரு டம்ளருக்குக் குறையாமல் ஈரம் காற்றில் சேரும். அது போய் ஒட்டுவது வண்டியிலேயே குளிர்ச்சியான இடத்தில்: கீல், திருகுத் தலை, துணியைப் பிடிக்கும் அலுமினியப் பட்டை. அங்கே சேர்ந்து சொட்டினால் அசல் ஒழுகல் மாதிரியே தெரியும்.

வண்டியைத் துடைத்துக் காயவைத்து, யாரும் உள்ளே படுக்காமல் இரண்டு மழை இரவு வெளியே நிறுத்துங்கள். கூரையின் ஓரம் நெடுக உள்ளே சமையலறைக் காகிதத்தை மடித்து வையுங்கள். ஆளே இல்லாதபோதும் காகிதம் நனைந்தால் ஒழுகல். நனையவில்லை என்றால் ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வைத்துத் தூங்கிப் பாருங்கள், உங்கள் வேலை முடிந்தது.

இன்னொன்று. ஈரம் முன் சீட்டின் கால் வைக்கும் இடத்தில் மட்டும் இருந்தால் கூரையைத் திட்டாதீர்கள். கதவுக்குள் இருக்கும் தடுப்புச் சவ்வு விட்டுப்போயிருக்கும், அல்லது முன் கண்ணாடிக்குக் கீழே வடிகால் துளையில் இலை அடைத்திருக்கும். பின்கதவுப் பக்கம் மட்டும் ஈரம் என்றால் மேலே உள்ள பிரேக் லைட்டின் ரப்பரை முதலில் பாருங்கள்.

2. கை வைப்பதற்கு முன் காகிதங்கள்

நான் கோட்டை விட்டது இந்த இடத்தில். கடைக்காரரிடம் வாங்கிய வண்டி என்றால், பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 30 நாளுக்குள் குறை தெரிந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரிந்தால், அந்தக் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. ஆனால் 30 நாள் தாண்டிவிட்டால், சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். தனியாரிடம் வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. விளம்பரத்தில் சொன்னதும் கையில் வந்ததும் பொருந்துகிறதா என்பதற்கு மேல் பெரிதாகக் கேட்க முடியாது.

எனக்கு விற்றவர் கடைக்காரர். ஒழுகல் தெரிந்தபோது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. போன் செய்தேன். "சின்ன விஷயம் சார், ஓரத்தில் கொஞ்சம் சிலிக்கான் விட்டுடுங்க" என்றார். விட்டேன். மூன்றாம் மாதம் திரும்பப் போனபோது, "நீங்களே கை வச்சிட்டீங்களே" என்று முடித்துவிட்டார். அவர் சொன்ன வாய்மொழிக்கு என்னிடம் ஓர் எழுத்து இல்லை.

அதனால் இவற்றை முதலில் ஒரு கோப்பில் சேருங்கள்: வாங்கிய ரசீது, அப்போதைய விளம்பரத்தின் படம், வி5சி பதிவுச் சான்று, கூரை பொருத்திய நிறுவனத்தின் ரசீதும் உத்தரவாத அட்டையும். உத்தரவாத அட்டையின் பொடி எழுத்தைப் படியுங்கள். கூரையில் பிறகு யாராவது துளை போட்டிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பெரும்பாலும் இருக்கும். நனைந்த இடங்களைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். கடைக்காரரிடம் பேசுவது எல்லாம் மின்னஞ்சலில். போனில் பேசினாலும், "நீங்கள் இன்று சொன்னது இது" என்று அன்றே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

காப்பீட்டை நம்பி உட்கார வேண்டாம். மெல்ல மெல்லக் கசிந்து வந்த சேதத்தைத் தேய்மானக் கணக்கில் தள்ளிவிடுவதுதான் அவர்கள் வழக்கம். புயலில் கிளை விழுந்து கூரை உடைந்தால் அது வேறு கதை.

3. காசு செலவில்லாத காரணம்: துணி சிக்குவது

கூரையை மூடும்போது சுற்றுத் துணியில் ஒரு மடிப்பு ரப்பர் பீடிங்குக்கும் கூரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் போதும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்தத் துணி ராத்திரி முழுக்கத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். ஓட்டை எதுவும் இல்லாமலே ஒரு லோட்டா தண்ணீர் சேர்ந்துவிடும்.

மூடும்போது கதவு ஒன்றைத் திறந்து வையுங்கள். எல்லாம் சாத்தியிருந்தால் உள்ளே அடைபட்ட காற்று துணியை வெளியே தள்ளும், மடிப்பு சிக்குவது அதனால்தான். மூடியபின் வெளியே இறங்கி ஒரு சுற்று நடந்து பாருங்கள். கூரையின் விளிம்புக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி நான்கு மூலையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மூலை தூக்கியிருந்தால் கொக்கிப் பட்டையை இழுத்துச் சரிசெய்யுங்கள். படுக்கை விரிப்பை மேலேயே விட்டுவிட்டு மூடுபவர்கள் உண்டு. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். தலையணை தடிமனாக இருந்தால் கூரை முழுதாக இறங்காது.

4. உள்ளே பிரித்து, காயவையுங்கள்

ஈரமான இடத்தில் தண்ணீர் விட்டுச் சோதித்தால் எது பழைய தண்ணீர், எது புதியது என்று தெரியாது. கூரையின் உள்பக்கம் ஒட்டியுள்ள லைனிங்கை எடுக்க முடிந்தவரை ஓரங்களில் எடுங்கள். மெத்தை, படுக்கைப் பலகை வெளியே. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைக் கதவுகளைச் சாத்தி இரண்டு நாள் ஓட்டுங்கள். வாடகைக்கும் கிடைக்கும்.

மரத்தின் ஈரத்தை அளக்கும் சின்னக் கருவி 15 முதல் 25 பவுண்டுக்குள் கிடைக்கிறது. 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் கவலையில்லை. 15 முதல் 20 வரை என்றால் கவனிக்க வேண்டும். 20க்கு மேலே என்றால் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. பலகையைத் தட்டிப் பார்த்தாலும் தெரியும்: நல்ல பலகை டங்கென்று ஒலிக்கும், ஊறியது சொத்தென்று அடங்கும்.

இதைப் பிரித்திருக்கும்போதே, வெட்டிய கூரையின் விளிம்பில் துரு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சீட் பெல்ட் மாட்டும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகரம் துருவேறி வலுவிழந்திருந்தால் எம்ஓடி என்ற வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனையில் வண்டியைத் தேறவிட மாட்டார்கள்.

5. தண்ணீர் எங்கே நுழைகிறது?

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கூடத்தில் சொட்டும் இடத்தில் குண்டான் வைப்போம். ஓடு மாற்ற வருகிறவர் குண்டானுக்கு நேர் மேலே போக மாட்டார், நாலு வரிசை மேலே ஏறித் தேடுவார். வேன் கூரையும் அப்படித்தான். ஊருக்குள் ஓட்டு வீட்டில் இருபது வருடம் இருந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சொட்டிய இடத்திலேயே சிலிக்கானைப் பூசிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சோதனைக்கு இரண்டு பேர், அரை நாள், ஒரு தோட்டத்து ஹோஸ் பைப் வேண்டும். ஒருவர் டார்ச்சும் காகிதமுமாக உள்ளே. மற்றவர் வெளியே. ஹோஸ் முனையில் எதையும் மாட்டாமல் தண்ணீரைச் சும்மா வழிய விடுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். அது நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீரை உள்ளே திணித்துவிடும், நீங்கள் இல்லாத ஓட்டையைத் தேடுவீர்கள்.

கீழிருந்து மேலே போங்கள். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எதுவும் புரியாது. கூரையை மூடிவைத்து முதலில் பக்கவாட்டில் நிழல் பந்தல் மாட்டும் தண்டவாளம் (நீளப் பட்டை), அப்புறம் மழைநீர் ஓடும் பள்ளம், அப்புறம் ரப்பர் பீடிங், கடைசியாகக் கூரையின் மேலே திருகியிருக்கும் எதுவானாலும். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம். பொறுமையில்லாமல் இரண்டு நிமிடத்தில் நகர்ந்தால் இந்த அரை நாளும் வீண். மூடிப் பார்த்தபின், கூரையைத் தூக்கிவைத்துத் துணியின் அடிப்பட்டை, தையல், ஜிப் ஜன்னல், மேல்பட்டை என்று அதே வரிசை.

உள்ளே இருப்பவருக்கு ஒரு தந்திரம்: காய்ந்த பரப்பில் முகப் பவுடரைத் தூவி வையுங்கள். தண்ணீர் வந்த தடம் கறுப்புக் கோடாகத் தெரியும், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். சிலர் தண்ணீரில் கலர் கலக்கச் சொல்வார்கள். லைனிங்கில் கறை போகாது, நான் செய்ய மாட்டேன்.

அடுத்தது சரிவு. இதுதான் என் புதிரை அவிழ்த்தது. பாரோடேலில் கூரை தூக்கியிருந்தபோது நனைந்தது பின்பக்கம், மகளின் கால்மாட்டில். வீட்டு வாசலில் கூரை மூடி நின்றபோது நனைந்தது முன்பக்கம், இடது சீட்டின் தலைமாட்டில். இரண்டு ஓட்டை என்று நினைத்து இரண்டு மூலையிலும் பூசினேன். எங்கள் வாசல் முன்பக்கமாகச் சரிந்திருக்கும் என்பதை என் மனைவிதான் சொன்னாள்: "ஏங்க, தூக்கினா தண்ணி பின்னால ஓடும். மூடினா முன்னால ஓடும். நடுவுல ஏதாவது இருக்கான்னு பாருங்களேன்." முன் சக்கரத்துக்குக் கீழே பலகை வைத்து வண்டியைப் பின்பக்கமாகச் சரித்தோம். முன்பக்கம் காய்ந்தே இருந்தது. கூரை மூடியிருந்தும் பின்பக்கம் நனைந்தது.

நடுவில் என்ன இருந்தது? முந்தைய உரிமையாளர் பொருத்திய சோலார் பலகை. அதன் கேபிள் கூரைக்குள் இறங்கும் இடத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. சுற்றிலும் பூச்சு இருந்தது, பார்க்க ஒரு குறையும் இல்லை. உறுதிசெய்ய கடைசிச் சோதனையைச் செய்தேன். எல்லாக் கதவு ஜன்னலையும் சாத்தி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி வைத்து, வண்டியின் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டேன். ஏணியில் ஏறி, பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கலந்து பிரஷால் பெட்டியைச் சுற்றித் தடவினேன். பின்பக்க மூலையில் ஒரு குமிழி கிளம்பியது. மெல்லப் பெருத்தது, உடைந்தது, அதே இடத்தில் இன்னொன்று பெருத்தது. எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அந்த வண்டியைப் பார்த்துச் சிரித்தேன்.

நீங்கள் சந்தேகப்பட வேண்டிய மற்ற இடங்கள்: பந்தல் தண்டவாளத்தின் ரிவெட்டுகள் (சாதா ரிவெட்டின் நடுவில் துளை இருக்கும், தண்ணீர் அதன் வழியே இறங்கும், அடி மூடிய ரிவெட்டுதான் போட வேண்டும்), கீல் போல்ட்டைச் சுற்றி ஃபைபரில் ஓடும் மயிரிழை விரிசல், ஆன்டெனாவின் அடி. அலுமினியக் கூரை என்றால் ரப்பருக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் போட்டிருக்கிறதா என்றும் விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

6. ரப்பர் பீடிங்

கூரையை மூடும்போது ஒரு கடை ரசீதை ரப்பருக்கும் கூரைக்கும் நடுவில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடிமானத்தோடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. பிரிட்டிஷ் பவுண்டு நோட்டை வைத்துப் பார்க்காதீர்கள், பிளாஸ்டிக் நோட்டு எங்கும் வழுக்கும். ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஓரிடம் என்று சுற்றிலும் பாருங்கள். ரப்பரில் சாக்பீஸ் தேய்த்து மூடித் திறந்தாலும் போதும், கூரையில் சாக் கோடு விட்டுப்போன இடம்தான் குறை.

மாற்றுவதாக இருந்தால் பழையதில் ஒரு துண்டை வெட்டி அளவுக்குக் கொண்டுபோங்கள். மீட்டர் கணக்கில் விற்பார்கள், மீட்டருக்கு 5 முதல் 10 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவை அளந்து அரை மீட்டர் கூடவே வாங்குங்கள். மாட்டும்போது இழுக்காதீர்கள். இழுத்து மாட்டிய ரப்பர் சில வாரத்தில் சுருங்கி இணைப்பில் வாயைப் பிளக்கும். இணைப்பு பின்பக்கம் வரட்டும். முன்பக்கம் வைத்தால் ஓடும்போது காற்றே மழையை அதற்குள் செலுத்தும். ரப்பர் காயாமல் இருக்க வாசலின், கிரீஸ் தடவுகிறவர்கள் உண்டு. பெட்ரோலியப் பொருள் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

7. துணி

பருத்தி கலந்த புதுத் துணி முதல் மழையில் தையல் ஓட்டையில் கசியும். நூல் ஊறிப் பருத்துத் தானே அடைத்துக்கொள்ளும், அதனால் இரண்டு மூன்று நனைப்பு பொறுத்துப் பாருங்கள். நனைந்த துணியை உள்ளேயிருந்து தொட்டால் தொட்ட இடத்தில் ஊறும், குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள். பழைய துணி என்றால் வெறும் தண்ணீரில் மென்மையாகத் தேய்த்துக் கழுவி (சோப்பு கூடாது), நன்றாகக் காயவைத்து, ஃபேப்சில் மாதிரி நீர்விலக்கி அடியுங்கள். ஜிப் ஜன்னலின் பிளாஸ்டிக்கை மூடிவிட்டு அடிக்க வேண்டும். தையலுக்குத் தனியாக விற்கும் தையல் பசையை உள்பக்கம் தடவலாம். துணியே கிழிந்திருந்தால், மாற்றுத் துணிக்கும் மாட்டும் கூலிக்கும் சேர்த்துப் பல நூறு பவுண்டு ஆகும். இரண்டு மூன்று இடத்தில் எழுத்தில் விலை கேளுங்கள்.

8. அடைப்பது

சிலிக்கான் வேண்டாம், பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். புளிப்பு வாடை வரும் சாதா சிலிக்கான் தகரத்தை அரிக்கும். அதைவிடப் பெரிய கொடுமை, சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது. நான் பூசிய மூன்று ட்யூபைச் சுரண்டியெடுக்க ஒன்றரை நாள் ஆனது, ஓட்டையை அடைக்க இருபது நிமிடம்.

பெட்டியையோ பிராக்கெட்டையோ முழுதாகக் கழற்றுங்கள். மேலேயே பூசினால் நிற்காது. பழைய பூச்சைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, 120ஆம் நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். அது முழுக்க ஆவியாகும்வரை காத்திருங்கள். ஈரமான ஆல்கஹால் பாலியூரித்தேன் சீலன்ட்டைக் காயவிடாமல் செய்யும். பூசியபின் அதை ஆல்கஹால் தொட்ட விரலால் வழிக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும். இந்த வகையில் சிகாஃபிளெக்ஸ் என்ற பிராண்டு வரிசையில் எதை வாங்கினாலும், வெயில்படும் இடத்துக்கு ஏற்றது என்று ட்யூபில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எப்போதாவது கழற்ற வேண்டிய பொருளுக்குச் சீலன்ட்டைவிட, பிசின் போல ஒட்டும் பியூட்டில் டேப் நல்லது. மயிரிழை விரிசலுக்கு கேப்டன் டோலீஸ் மாதிரி தானே ஊர்ந்து உள்ளே போகும் திரவம் இருக்கிறது. உள்ளே இறங்குவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப விட வேண்டும்.

காலம் முக்கியம். பாலியூரித்தேன் சீலன்ட் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக் காய்கிறது, 20 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று மில்லிமீட்டர் போல. குளிரில் இன்னும் மெதுவாக. 5 டிகிரிக்குக் கீழே தொடவே வேண்டாம். பிரிட்டனில் மே முதல் செப்டம்பர் வரை மூன்று நாள் மழையில்லாத இடைவெளி பார்த்துச் செய்யுங்கள். டிசம்பரில் கண்டுபிடித்தால் மேலே தார்ப்பாய் கட்டிவிட்டு வசந்தம்வரை பொறுங்கள்.

செலவு, நான் வாங்கியபோது: சீலன்ட் ஒரு ட்யூப் 12 பவுண்டு, ஆல்கஹால் 7. உப்புத்தாள் வீட்டில் இருந்தது.

9. பட்டறைக்குத்தான் போவேன் என்றால்

மணிக்கு 50 முதல் 80 பவுண்டு கேட்பார்கள். "ஒழுகலைச் சரிசெய்யுங்கள்" என்று விட்டுவிட்டு வராதீர்கள். எனக்கு 180 பவுண்டு போனது அப்படித்தான். சுற்றிலும் சீலன்ட் பூசிக் கொடுத்தார்கள், அடுத்த மழையில் ஒழுகியது. "நுழையும் இடத்தைக் கண்டுபிடித்துப் படமெடுத்துக் காட்டுங்கள், அப்புறம் விலை பேசலாம்" என்று கேளுங்கள். கண்டுபிடிக்க ஒன்றிரண்டு மணிநேரக் கூலி தனியாக, சரிசெய்ய தனியாக, இரண்டும் எழுத்தில். உங்கள் படங்களையும் சரிவுச் சோதனையின் முடிவையும் கொடுத்தால் கூலி மணிநேரம் குறையும்.

10. உடனே மூடிவிடாதீர்கள்

சீலன்ட் காய்ந்ததும் ஐந்தாவது படியின் தண்ணீர்ச் சோதனையை அப்படியே திரும்பச் செய்யுங்கள், இரண்டு சரிவிலும். அதன்பிறகும் லைனிங்கை ஒட்டாமல் இரண்டு பெருமழை பாருங்கள். நான் ஆறு வாரம் விட்டுவைத்தேன். ஈரத்தில் மூடிய கூரையை இரண்டு நாளுக்குள் வீட்டில் திறந்து காயப்போடுங்கள், இல்லையென்றால் துணியில் கரும்புள்ளி பூசணம் வரும், அது போகவே போகாது. லைனிங் ஒட்டும்போது கேபிள் இறங்கும் இடத்தில் மட்டும் கையகலத்துக்கு ஒட்டாமல் வெல்க்ரோவில் மாட்டினேன். ஒவ்வொரு பயணம் முடிந்து வந்ததும் அதைப் பிரித்து உள்ளே விரலை விட்டுப் பார்க்கிறேன்.